எண்ணெய் முறை

ஐந்தாவது வளைவைத் தாண்டும்போதும் புகை நீலமாகத்தான் இருந்தது. மாதேஸ்வரன் அதிலேயே கண்ணை வைத்தபடி கியரைக் குறைத்தான். இருபதடி முன்னால் சென்னகேசவனின் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கக் குழாயிலும் இரண்டு நூலாக நீலப் புகை, இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், போன வாரத்து எண்ணெய் டேங்கின் அடியில் ஒரு கைப்பிடி கிடந்திருக்கும், கார்புரேட்டரில் கொஞ்சம், இன்ஜினின் அடிவயிற்றில் கொஞ்சம், அதெல்லாம் எரிந்து தீர வேண்டாமா, பத்தொன்பது வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் நாலு வளைவு பொறுக்க முடியாதா என்ன. ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டான். ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, ஏற்காட்டு மலையின் இந்தப் பக்கத்துக்கு வெயில் இன்னும் வரவில்லை, கைப்பிடிச் சுவர்மேல் குரங்குகள் குளிரில் ஒண்டிக்கொண்டிருந்தன, எலும்பு முறிந்தபோது இடது காலுக்குள் வைத்த கம்பி வழக்கம்போல் சில்லிட்டுக் குடைந்தது. வலிக்கட்டும். இன்றைக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இந்த வண்டிக்கு வெறும் பெட்ரோல் போதாது, பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும், உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு அந்த எண்ணெய்தான் வழுக்கல். எண்ணெய் இல்லாமலும் ஓடும், நன்றாகவே ஓடும், கொஞ்சம் துள்ளலாகக்கூட ஓடும், சூடேறிக்கொண்டே ஓடும், பிறகு ஓர் இடத்தில் பிஸ்டன் விரிந்து, தன்னைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழாயான பிளாக்கின் சுவரைக் கவ்விக்கொள்ளும். எந்த வளைவில் என்பதுதான் தெரியாது. முதலில் புகை வெளுக்கும். தன் வண்டியின் புகையை ஓட்டுகிறவன் பார்க்க முடியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். பின்னால் வருகிறவன் மாதேஸ்வரன். எப்போதுமே அவன்தான் பின்னால்.

எண்ணெய் முறை என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம். எட்டுப் பேராக மலையேறிய காலத்தில் வந்தது. எட்டில் இப்போது மிச்சம் இந்த இரண்டு பேர்தான், மற்றவர்கள் புது வண்டிக்கும் காருக்கும் போய்விட்டார்கள், ஒருத்தன் போய்ச் சேர்ந்தே விட்டான். ஒரு வாரம் கிடந்தால் எண்ணெய் தனியாக அடியில் தங்கிவிடும் என்பதால் டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாகக் கொண்டுவர வேண்டும், அடிவாரத்து பங்க்கில் அந்த வாரத்து முறைக்காரன் எல்லா வண்டிக்கும் எண்ணெயை அளந்து ஊற்றி அதன்மேல் பெட்ரோல் போடுவான், மற்றவர்கள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு எதிரிலிருக்கும் டீக்கடைக்குப் போய்விட வேண்டும். நின்று பார்க்கக் கூடாது. நின்று பார்த்தால் ஊற்றுகிறவனை நம்பவில்லை என்று அர்த்தம். ஒருமுறை ஒருவன் ஏதோ ஞாபகத்தில் நின்று பார்த்துவிட்டான் என்று அன்றைக்கு மலையே ஏறாமல் எட்டுப் பேரும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள், அவ்வளவு ரோஷம். இன்றைக்கு மாதேஸ்வரனின் முறை. கேசவன் வந்தான், ஸ்டாண்டைப் போட்டான், "டீயா காப்பியா?" என்றான், இவன் "டீ" என்றான், அவன் ரோட்டைக் கடந்து போனான், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகு. அதைப் பார்த்தபடியே அளவுக் குவளையை எடுத்தான், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் ஒழுங்காக ஊற்றியிருப்பேனோ என்னவோ, இல்லை, ஊற்றியிருக்க மாட்டேன், பொய் எதற்கு. தன் வண்டிக்கு எண்ணெய் ஊற்றினான். கேசவனின் வண்டிக்கும் குவளையில் அளந்தான், கோடு வரைக்கும் சரியாக அளந்தான், அதைக் காற்றடிக்கிற மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் முளைத்திருந்த புல்லில் கொட்டினான். பெட்ரோல் போடுகிற பெண் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இந்த வண்டிக்கு ஆயில் ஊத்தலையே?" என்றாள். "ஊத்தியாச்சும்மா, நீ பாக்கல. அஞ்சு லிட்டர் போடு" என்றான். முப்பத்தைந்து வருஷமாக ரயில்வே தபால் பிரிப்பில் நிற்கிறவன், எந்தக் கடிதம் எந்தப் பைக்குள் என்று பார்க்காமலே வீசத் தெரிந்தவன், கை பதறாது. அப்புறம் டீக்கடைக்குப் போய் அவன் வாங்கி வைத்திருந்த டீயைக் குடித்தான். சர்க்கரை குறைவாகச் சொல்லியிருந்தான், இவனுக்குப் போன மாதம் சர்க்கரை கூடியிருந்தது என்று ஞாபகம் வைத்து. ஞாபகம்! எதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான் பார்.

ஆறாவது வளைவு. ஆமாங்க. இந்த ஒரு சொல் போன மாதத்திலிருந்து அவன் மண்டைக்குள் கிடந்து உருண்டுகொண்டிருந்தது, தபால் பைகளைக் கட்டும்போது, பல் தேய்க்கும்போது, மனைவி ருக்மணி பேசிக்கொண்டிருக்கும் நடுவிலே, ஆமாங்க, ஆமாங்க. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி. கேசவனின் வண்டிக்கு முதல் பரிசு. சால்வை, வெள்ளிக் கோப்பை, கைதட்டல். அந்தக் கோப்பையை எந்தப் பட்டறையில் செய்தது என்று கேசவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கொலுசுப் பட்டறைக்காரனுக்கு வெள்ளியைக் கண்டால் வேறு புத்தி ஓடாது. பிறகு மைக்கைப் பிடித்தான். "முப்பத்தேழு வருஷமா என்கிட்ட இருக்குதுங்க. புதுசு வாங்குன்னு சொல்லாத ஆளில்லை. கம்பெனியில போட்ட பிளாக்கு, கம்பெனியில போட்ட பிஸ்டன், உள்ளே கடைஞ்சு ஒரு தடவை கூட போர் போட்டதில்லை." கூட்டத்தில் யாரோ ஒருவன், அதெப்படி, நம்ப முடியலையே என்றான். "சந்தேகமா? என் சிநேகிதன் மாதேசு இங்கதான் நிக்கறான், ஒண்ணா வண்டி எடுத்தவன், அவனையே கேளுங்க" என்று மைக்கை நீட்டினான். நீட்டிவிட்டு இவன் முகத்தையே பார்த்தான். இருநூறு பேர். இவன் வாயைத் திறந்தான், வந்த சொல் இவ்வளவுதான், ஆமாங்க. கைதட்டினார்கள். பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்கும்போது வண்டி சாயாமல் ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டான், மறுநாள் பேப்பரில் அவன் கை மட்டும் வந்திருந்தது. திருடிக்கொண்டு போனவனுக்குச் சால்வை, பறிகொடுத்தவன் சாட்சி. திருடினால் திருடிவிட்டுப் போ, என் வாயாலேயே உனக்குச் சான்றிதழ் வேறு வாங்குவாயா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். "ஏங்க, யார்கிட்டயாவது சண்டையா?" என்றாள் ருக்மணி. இல்லை என்றான். இல்லைதான். இன்றைக்கு வரைக்கும் ஒரு சண்டை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை, அதுதானே வியாதி.

ஏழு. புகை இப்போது நீலமா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை, மரநிழல் குழப்பியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சைக்கிளில் வேலைக்குப் போன மாதேஸ்வரன்மேல் மினி லாரி ஏறியது. அவனிடமும் யெஸ்டிதான், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான், தினம் ஓட்டித் தேய்க்க மனசு வராது, அதனால் சைக்கிள், அதனால் கால். சிரிப்புத்தான். தொடைக்குக் கீழே எலும்பு தூள், சீழ், காய்ச்சல், காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் வாசலில் நின்று கேசவனிடம்தான் சொன்னார், ருக்மணிக்குச் சொல்லத் தைரியம் இல்லாமல். ஒன்பது மாதம் படுக்கை. வண்டியைக் கேசவன் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டான், "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன், நீ கவலைப்படாதே" என்றான். கவலைப்படவில்லை. கால் தங்கியது. நடை வந்தது. இந்த வண்டிக்குக் கிக்கரும் கியரும் இடது பக்கம், ஒரே கம்பிதான் இரண்டுக்கும், அந்த இடது காலால் ஒருநாள் பட்டறை வாசலில் நின்று முதல் உதை உதைத்தான். முதல் உதையிலேயே தெரிந்துவிட்டது. காதுக்குத் தெரியுமுன் காலுக்குத் தெரிந்தது, கிக்கர் இறங்கின விதம் வேறு, பிறகு சத்தம், பாத்திரத்துக்குள் கரண்டி போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சளசளப்பு, என் வண்டி இப்படிப் பேசாதே. "ஒம்பது மாசம் சும்மா கெடந்துச்சில்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான் கேசவன், கைகளைத் துடைத்துக்கொண்டே. சரியாகவில்லை. மெக்கானிக் ஏழுமலை பிரித்துப் பார்த்து, "என்னண்ணே, போர் போடாத பிளாக்குன்னு சொல்லுவீங்களே, இது ரெண்டு போர் ஏறினது" என்றான். கேசவனுடையதுதான் இரண்டு போர் போட்டது. மாதேஸ்வரனுக்குத் தெரியும், அவன் வண்டியை அடித்து ஓட்டுகிறவன், எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுகிறவன். அடுத்த ஞாயிறு டீக்கடையில் கேசவன் கை கழுவப் போனபோது மாதேஸ்வரன் அவன் வண்டியருகே குனிந்து பார்த்தான். தன் பிளாக்கென்றால் வெளியே மூன்றாவது தகட்டில் ஒரு சின்ன மூளி இருக்க வேண்டும், மகன் பிறந்த செய்தி வந்த அன்று ஸ்பானர் நழுவி விழுந்த மூளி. மூளி இல்லை. அந்தத் தகடு மட்டும் மற்றதைவிட மயிரிழை குட்டையாக இருந்தது, ஓரம் முழுக்க ஒரே சீராக, கொஞ்சமும் மேடு பள்ளமில்லாமல் அரம் போட்டிருந்தது. அப்படி அரம் போட இந்த ஊரில் வெள்ளி வேலைக்காரனால்தான் முடியும். இன்ஜின் நம்பர் அடித்திருந்த அடிப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, மேலே பிளாக்கும் பிஸ்டனும்தான் மாறியிருந்தன, ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி யாரிடம் போய் நியாயம் கேட்பது.

கேட்டிருக்கலாம். அவனிடமே கேட்டிருக்கலாம். எட்டாவது வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக்கொண்டே, கேட்டிருக்கலாமே மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் எப்படிக் கேட்பது, நாற்பது நாள் தன்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கக்கூஸில் உட்கார வைத்தவனை, இரண்டு பாட்டில் ரத்தம் கொடுத்தவனை, அவன் மனைவி தினமும் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்து ருக்மணியைச் சாப்பிட வைத்ததை, அத்தனையையும் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் ஒரு இரும்புக் குழாயை வைத்து, திருடா என்று சொல்ல நாக்கு எழுமா? யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், போயும் போயும் ஒரு ஸ்பேர் பார்ட்டுக்கா என்பார்கள். ஸ்பேர் பார்ட் இல்லை அது. அவன் ஏன் எடுத்தான் என்பதுதான் விஷயம். இனி இவன் எங்கே ஓட்டப்போகிறான், ஒற்றைக் காலனுக்கு எதற்குக் கிக்கர், நல்ல பிளாக் வீணாகத் துருப்பிடிப்பானேன் என்று ஒரு கணக்குப் போட்டானே, ஆள் உயிரோடு கட்டிலில் கிடக்கும்போதே பங்கு பிரித்தானே, அதுதான் ஆறவில்லை. ஒரு பக்கம் ரத்தம் கொடுத்துக்கொண்டே. அன்றைக்கு முடிவு செய்தான், இந்த வண்டியை நிறுத்த மாட்டேன். கேசவன் தள்ளிவிட்ட அந்தத் தேய்ந்த பிளாக்கை மூன்றாவது போர் போட்டான், அதுவும் தேய்ந்தபின் உள்ளே மெல்லிய இரும்புச் சட்டை இறக்கினான், பெங்களூருக்கும் ஈரோட்டுக்கும் அலைந்து கழித்துக்கட்டிய வண்டிகளிலிருந்து பிஸ்டன் ரிங் பொறுக்கினான். மகன் போன் செய்யும்போதெல்லாம், "அப்பா, பட்டனை அமுக்கினா ஓடற வண்டி வாங்கித் தரேன், அந்தக் காலை வெச்சிக்கிட்டு ஏன்ப்பா ஒதைக்கறீங்க" என்பான். ருக்மணி, "என்னை வேணா மாத்துவாரு, அதை மாத்த மாட்டாரு" என்பாள். பாசம் என்று நினைத்தார்கள். முதலில் அது பாசமே இல்லை, வெறும் வீம்பு, ஒவ்வொரு ஞாயிறும் இவன் கண்ணெதிரே நான் உதைத்துக் கிளப்புவேன், இவன் பார்க்க வேண்டும், பார்த்து உள்ளுக்குள் குறுக வேண்டும். குறுகினானா தெரியாது. வாரத்துக்கு வாரம் "வண்டி நல்லாப் பேசுதே மாதேசு" என்று முதுகில் தட்டுவான். மாதேஸ்வரனோ பின்னால் போவான், முன்னால் போகிற வண்டியில் தன் பிளாக் பாடுவதைக் கேட்டுக்கொண்டே போவான். அடுத்தவன் வீட்டில் வளரும் பிள்ளையை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிற மாதிரி, வாரம் ஒரு தடவை.

ஒன்பதாவது வளைவைத் திரும்பினதும் வெயில் சட்டென்று ரோட்டில் விழுந்தது. புகை இல்லை. இரண்டு குழாயிலும் ஒன்றுமே இல்லை, சூட்டில் காற்று மட்டும் நெளிந்தது. வெளுத்துவிட்டது. அவனுக்கு மயிர்க்கால் எல்லாம் நின்றது, சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, சந்தோஷம்தான், அதிலென்ன வெட்கம், அனுபவிடா மகனே. இனி எந்த நிமிஷமும். பிளாக்கின் சுவரில் நகத்தால் கீறின மாதிரி கோடு விழும், அப்புறம் எந்த ஊரில் எந்த லேத்தில் கொடுத்தாலும் போர் போட்டே ஆக வேண்டும், கம்பெனியில் போட்டது போட்டபடி என்று இனி எந்த மைக்கிலும் சொல்ல முடியாது. கோப்பையில் வேண்டுமானால் டீ குடி. ஆள் விழக்கூடாது, அதையும் நினைத்துத்தான் இருந்தான், இவன் கொலைகாரன் இல்லை. பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் நின்றுவிடும், அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்துவிட வேண்டும், கேசவன் பிடித்துவிடுவான், நாற்பது வருஷக் கை. பிடிக்காவிட்டால்? வளைவில் நடந்தால்? கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான், சில இடத்தில் முழங்காலளவு, அதற்கப்பால் ஒன்றுமில்லை. கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்தவள் முகம் வந்தது. வராதே, போ. ஏன் இப்போது வருகிறாய். அவள் பாட்டுக்கு வீட்டில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருப்பாள். பத்தாவது வளைவு நன்றாகவே கடந்தது. கேசவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான், சட்டை முதுகில் காற்று புகுந்து உப்பியிருந்தது, வண்டி என்றைக்குமில்லாமல் துள்ளி ஏறுகிறதென்று அவனுக்குக் குஷி, எண்ணெய் இல்லாத பெட்ரோலின் குஷி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பதினோராவது வளைவுக்கு முன்னால், பாறையை ஒட்டி ரோடு போகிற இடத்தில், சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, கிண்ணென்று, மெல்லிசாக, தொண்டை கட்டிக்கொண்ட ஆள் உச்சத்தில் பேசப் பார்க்கிற மாதிரி. அந்தச் சத்தம் மாதேஸ்வரனுக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில், இருபத்திரண்டு வயதில், தெரியாத்தனமாக ஒருநாள் எண்ணெய் குறைத்து ஊற்றிவிட்டு ஓமலூர் ரோட்டில் போனபோது இதே மாதிரிதான் அது ஒரு தடவை முனகியது, இவன் அந்த வெயிலில் நடுரோட்டில் நிறுத்தி, இறங்கி, சட்டையைக் கழற்றி விசிறி, சூடு ஆறுகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். இனி ஒருநாளும் செய்ய மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னான், ரோட்டில் போகிறவர்கள் பைத்தியம் என்று பார்த்தார்கள். அது என்னுடையது. அங்கே சாகப்போவது கேசவன் வண்டி இல்லை. இத்தனை நேரம் எதை நினைத்துக்கொண்டிருந்தேன், திருடனை அடிக்கிறேன் என்று திருட்டுப்போனதையா அடித்துக்கொண்டிருக்கிறேன், பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை எதைக் கேட்கப் பின்னாலேயே வந்தேனோ அதையேவா. ஐயோ. நிறுத்துடா கேசவா. ஹாரனை அழுத்தினான். ஆறு வோல்ட் ஹாரன், கொசு மாதிரி கத்தியது. கேசவன் இடது கையைத் தூக்கி ஆட்டினான். இரண்டு பேருக்கும் இடையே அது பழைய ஜாடை, பின்னாலிருப்பவன் ஹாரன் அடித்தால் வா போட்டிக்கு என்று அர்த்தம், கை ஆட்டினால் முடிந்தால் பிடி என்று அர்த்தம். விடாமல் அடித்தான். கேசவன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். "நிறுத்துடா!" என்று கத்தியது ஹெல்மெட்டுக்குள்ளேயே மோதி அவன் காதையே அடைத்தது. முந்திப்போய்க் குறுக்கே நிறுத்த வேண்டியதுதான், முறுக்கினான், வண்டி ஏறவில்லை. இருக்கிற உயிரையெல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. கேசவன் தேய்த்துக் கொடுத்த பிளாக், மேட்டில் என்றைக்கு முந்தியது, இன்றைக்கு முந்த. முன்னால் அவனுடைய சொந்த இன்ஜின் அவனை விட்டு விலகி விலகிப் போனது, பதினொன்று, பன்னிரண்டு, கிண்ணென்ற சத்தம் இப்போது விடாமல் வந்தது, அவன் அழுதுகொண்டிருந்தான், கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு சரியாகத் தெரியவில்லை.

பதிமூன்றாவது வளைவுக்கு அப்பால் நேர்ரோட்டில் நடந்தது. கீச்சென்று ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம், பின்சக்கரம் சுற்றாமல் தார்மேல் கறுப்பாகக் கோடு இழுத்தது, வண்டி இடுப்பை ஒடித்து அப்படியும் இப்படியும் ஆடியது, கேசவன் கிளட்ச்சைப் பிடித்துவிட்டான், காலை ஊன்றி, தடுமாறி, சுவரோரம் உருட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டான். ஆளுக்கு ஒன்றுமில்லை. மாதேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்று வண்டியை அணைத்தபோது மலையே அமைதியாக இருந்தது, காய்ந்த இரும்பு குளிர்ந்து டிக் டிக்கென்று சுருங்கும் சத்தம் மட்டும். கேசவன் ஹெல்மெட்டைக் கழற்றி மைல்கல்மேல் வைத்தான். கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தான். குனிந்து, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயை உருவி, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தான். எண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுக்கும். ஒரே நொடியில் உலர்ந்து கை வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எண்ணெய் இல்ல" என்றான். அறுபது வயதுக்காரன், ஆனால் அப்போதுதான் கிழவனாகத் தெரிந்தான். "மறந்துட்டியா மாதேசு?"

ஆமாங்க என்று சொல்லிவிடலாம். அவனே வழி விட்டுக் கொடுத்திருந்தான். மறதி யாருக்குத்தான் வராது.

"இல்ல" என்றான் மாதேஸ்வரன்.

கேசவன் சுவர்மேல் உட்கார்ந்தான். கீழே எங்கேயோ பஸ் ஒன்று வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறியது, அவர்களைக் கடந்து மேலே போனது.

"அப்போ தெரியும் உனக்கு."

"மொதல் நாளே தெரியும். மொதல் ஒதையிலயே."

"நீ இனி ஓட்டமாட்டேன்னு நெனச்சேன்டா" என்றான் கேசவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "காலை எடுக்கணும்னு டாக்டர் என்கிட்டத்தான சொன்னாரு. பட்டறையில தெனம் அதைப் பாத்துப் பாத்து புத்தி கெட்டுப்போச்சு. கழட்டி மாட்டிட்டேன். அப்புறம் நீ பாட்டுக்கு நடந்து வந்து சாவி கேக்கற. நான் என்னன்னு சொல்லுவேன்? எப்படித் திருப்பிக் குடுப்பேன்? அப்படியே நாள் போயிடுச்சு. உனக்குத் தெரியுமா தெரியாதான்னே மண்டை காஞ்சுபோச்சு. அதான் அன்னிக்கு மைக்ல கேட்டேன். நாலு பேர் முன்னாடி கேவலப்பட்டா படறேன், இவன் வாயாலயே வரட்டும்னுதான் கேட்டேன். நீ ஆமாங்கன்ன. தெரிஞ்சும் விட்டுட்டான், மன்னிச்சிட்டான்னு நெனச்சேன்டா. அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

மாதேஸ்வரன் இந்த நாளுக்காக எத்தனையோ சொற்களைச் சேர்த்து வைத்திருந்தான். பைகளைக் கட்டும்போது, பல் தேய்க்கும்போது, வரிசை மாற்றி மாற்றி அடுக்கியிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான்.

"நீ என்னை அடிச்சிருக்கலாம்" என்றான் கேசவன். எழுந்துவந்து பிளாக்கின் மேல் கையை வைத்தான், சூடு பட்டும் எடுக்கவில்லை. "பங்க்லயே செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். இத்தனை வருஷம் ஒரு சொட்டு எண்ணெய் கொறையாம வெச்சிருந்தேன்டா, என் வண்டிய அப்படி வெச்சதில்ல, உன்னுதுங்கறதால வெச்சிருந்தேன். உன்னுதை நீயே கொன்னுட்டியேடா பாவி."

மாதேஸ்வரன் அவனை விலக்கிவிட்டு வண்டிமேல் ஏறினான். கிக்கரை மேலே திருப்பினான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு தன் பிளாக்கை, தன் காலால். உதைத்தான். கல்லை உதைத்த மாதிரி இருந்தது, காலுக்குள் கம்பி போன வழியெல்லாம் வலி ஓடியது. மறுபடியும் உதைத்தான். "விட்றா, கால் போயிடும்" என்றான் கேசவன். அவன் கேட்கவில்லை. முழு உடம்பையும் அந்த இடது கால்மேல் நிறுத்தி, கிக்கரின்மேல் ஏறி நின்றான். அது இறங்கவில்லை.